கியர்ப்பெட்டி: திருத்துவதா, மாற்றுவதா?



கண்டி மாநகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே குண்டசாலை, திகனை ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் தெல்தெனிய வருகின்றது. இன்று நாம் காணும் தெல்தெனிய புதிதாக அமைந்த ஊர். பழைய ஊர் நீருக்கடியிலே கிடக்கின்றது. மகாவலிக்குக் குறுக்கே எழுந்த விக்டோரியா அணைக்கட்டு 1985ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. அணையிலே தேங்கிய நீர் பழைய கடைவீதியை மூடிக்கொண்டது. கடும் வறட்சிக் காலத்திலே நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுவதுண்டு.

இவ்வூரைச் சுற்றியுள்ள தெருக்களெல்லாம் ஒன்றில் ஏற்றம், அன்றேல் இறக்கம். வடக்கே ரங்கலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு தெரு ஏறுகின்றது. கிழக்கே ஹுன்னஸ்கிரியவுக்குச் சென்று, அங்கிருந்து கோர்பெட் கணவாயைத் தாண்டி மீமுரேக் கிராமத்துக்கு இறங்கும் வழி இன்னும் கடினமானது. பெருந்தெருவோ உடதும்பறையைக் கடந்து, பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இறக்கத்தின் வழியாகச் சமவெளியை அடைகின்றது. இத்தகைய நாட்டிலே நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் பழைய ஜீப்பும் லாண்ட் ரோவரும் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

நான் பொறியியல் கற்றவனல்லன். பழைய லாண்ட் ரோவர் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்து ஓட்டிவரும் ஒருவன், அவ்வளவே. அந்த வண்டி எனக்குக் கற்பித்த பாடமொன்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஒருநாள் மாலை ரங்கலையிலிருந்து தெல்தெனியவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். என் அருகே அக்காவும் அவருடைய பேரனும் இருந்தார்கள். பின்னாலே மரக்கறி மூட்டைகள். மழை பெய்து தெரு நனைந்திருந்தது. வண்டியை இரண்டாவது கியரிலே விட்டு மெல்ல வந்தேன். ஒரு வளைவிலே, யாரும் தொடாமலே, கியர்த்தடி 'டக்' என்று ஓசையிட்டுத் தானாகப் பின்வாங்கி நடுநிலையிலே நின்றது. அடுத்த கணமே எஞ்சினின் முழக்கம் தணிந்தது. வண்டியோ விரைவு கொண்டது.

பிறேக்கை மிதித்தேன், வண்டி அடங்கியது. மறுபடியும் கியரிலே இட்டேன். சிறிது தூரத்தில் மறுபடியும் கழன்றது. பின்னர் ஊர் வந்து சேரும்வரை ஒரு கை சுக்கானிலும் ஒரு கை கியர்த்தடியிலுமாக, தடியை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. பேரனை மடியோடு இறுக அணைத்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலிலே இறங்கிய பின்னர்தான், "தம்பி, இதைத் திருத்தாமல் இனிமேல் பிள்ளையை இதிலே ஏற்றாதே" என்றார்.

மாட்டுவண்டி இறக்கத்திலே செல்வதைக் கண்டிருப்பீர்கள். ஏற்றத்திலே வண்டியை இழுக்கும் மாடுகளே இறக்கத்திலே கழுத்தைக் கொடுத்துத் தாங்கிப் பின்வாங்கி நடக்கும். மோட்டார் வண்டியிலும் அப்படியே. தாழ்ந்த கியரிலே வண்டி இறங்கும்போது, சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கின்றது. எஞ்சின் அதனை எதிர்த்து வண்டியைத் தாங்குகின்றது. கியர் கழன்றால் அந்தத் தாங்கல் முழுவதும் போய்விடும். பாரம் எல்லாம் பிறேக்கின் தலையிலே விழும். நீண்ட இறக்கத்திலே ஓயாது மிதிக்கப்படும் பிறேக் சூடேறி வலுவிழக்கும். பழைய லாண்ட் ரோவரிலே நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிறேக்கே உண்டு. அது விரைவிலே சூடேறும் இயல்பினது. ஆகவே, ஏற்றத்திலே கியர் கழன்றால் வண்டி நின்றுபோகும். இறக்கத்திலே கழன்றால் உயிருக்கே ஊறு நேரலாம். கியர்ப்பெட்டியின் பழுதை வெறும் பணச் செலவென்று மட்டும் எண்ணாதிருத்தல் வேண்டும்.

இந்த வண்டிகள் நம் மலைநாட்டுக்கு வந்த கதையையும் சிறிது நினைவுகூர்வோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, 1944ஆம் ஆண்டில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. அக்காலத்திலேதான் உலகெங்கும் ஜீப் வண்டி பெயர்பெற்றது. போர் முடிந்த பின்னர், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் என்பவர் ஜீப்பை ஒத்த வண்டியொன்றை வயல் வேலைக்கென வகுத்தார். அதுவே 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அம்ஸ்டர்டாம் கண்காட்சியிலே அறிமுகமான லாண்ட் ரோவர். இரும்புத் தட்டுப்பாடு நிலவிய அந்நாளிலே அதன் உடலை அலுமினியக் கலப்பு உலோகத்தாற் செய்தார்கள். தேயிலை விளையும் மலைகளுக்கு இவ்வண்டி மிகவும் ஏற்றதாயிற்று.

கியர்ப்பெட்டியின் அமைப்பு கடினமானதன்று. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி கிளச்சின் வழியாகப் பெட்டிக்குள் நுழைகின்றது. உள்ளே முதன்மைத் தண்டு ஒன்றும் அதற்குக் கீழே துணைத்தண்டு ஒன்றும் உண்டு. இரண்டிலும் பற்சக்கரங்கள் கோத்திருக்கும். எந்தச் சோடி சேர்ந்து வேலை செய்கின்றதோ அதற்கேற்ப விசையும் விரைவும் மாறும். நான்காவது கியரிலே மட்டும் சுழற்சி துணைத்தண்டின் உதவியின்றி நேராகவே செல்லும். நான்கு சக்கர வண்டியிலே இந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னுமொரு பெட்டி உண்டு. அதனைப் பங்கீட்டுப் பெட்டி எனலாம். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடுவதும், வேண்டும்போது எல்லாக் கியர்களையும் இன்னும் தாழ்த்தித் தருவதும் அதன் தொழில். இரண்டு பெட்டிகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தாலும் இரண்டுக்கும் எண்ணெய் தனித்தனி. பெரிய பெட்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். பங்கீட்டுப் பெட்டிக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியின் நோய் இங்கேதான் ஒளிந்திருந்தது.

மறுநாள் கராஜ் ஒன்றுக்குச் சென்றேன். அங்கே இருந்தவர் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி முடிந்துவிட்டது. வேறொன்று தேடிப் போட வேண்டியதுதான்" என்றார். விலையையும் சொன்னார். என் வண்டியின் பெறுமதியிலே ஒரு பெரும்பங்கு அது. நான் தயங்கினேன். ஒரு நண்பர் தெல்தெனியவிலே இருக்கும் முதியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் இளமையிலே தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையிலே தொழில் பழகியவர். எல்லாரும் அவரைப் பாஸ் என்றே அழைப்பார்கள்.

பாஸ் வண்டியைத் தொடுமுன் கேள்விகளையே தொடுத்தார்.

"ஐயா, எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது கியர் இலேசாக விழுகிறதா?"

"இலேசாக விழுகிறது, பாஸ்."

"எஞ்சின் ஓடும்போது ரிவேர்ஸ் போட்டால் கறகறவென்று சத்தம் வருமா?"

"வராது."

"அப்படியானால் கிளச்சிலே குற்றமில்லை. வண்டி நிற்கும் இடத்திலே எண்ணெய்க் கறை உண்டா?"

"ஒரு துளிகூட இல்லை" என்று பெருமையோடு சொன்னேன்.

அவர் சிரித்தார். "பழைய லாண்ட் ரோவர் எண்ணெய் சிந்தவில்லை என்றால், ஐயா, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

வண்டியைச் சமதரையிலே நிறுத்தி, பெரிய பெட்டியின் பக்கத்திலுள்ள மட்டத் திருகை அவர் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. சிறுவிரலை விட்டுப் பார்த்தார். விரல்நுனி காய்ந்தே வந்தது. பின்பு பங்கீட்டுப் பெட்டியின் திருகைக் கழற்றினார். எண்ணெய் குபுகுபுவென்று கொட்டியது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலே தண்டைச் சுற்றி ஓர் எண்ணெய்த் தடுப்பு வளையம் உண்டு. பட்டறையிலே அதனை ஒயில் சீல் என்பர். அது தேய்ந்துபோனமையால், பெரிய பெட்டியின் எண்ணெய் சிறிது சிறிதாகப் பங்கீட்டுப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. வெளியே ஒரு துளியும் சிந்தவில்லை. அதனால் நானும் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவில்லை. சிறியதொரு வளையம் கெட்டதால் பெரியதொரு பெட்டி பட்டினி கிடந்து தேய்ந்தது.

கியர்ப்பெட்டியைத் திருத்துவதா மாற்றுவதா என்ற கேள்விக்கு முன்னே நிற்பது, பழுது எங்கே பிறந்தது என்ற கேள்வி. நான் அந்தக் கராஜிலே வேறு பெட்டியொன்றை மாற்றியிருந்தால், அதன் ஒயில் சீலும் தேய்ந்ததாக இருந்திருக்கலாம். எண்ணெய் மட்டம் பார்க்காத என் வழக்கமோ மாறியிராது. புதிதாக வந்த பெட்டியும் அதே நோயால் மடிந்திருக்கும்.

பழுதை அறிவதற்குச் சில எளிய வழிகளைப் பாஸ் எனக்குச் சொன்னார். வண்டி நடுநிலையிலே நின்றபடி எஞ்சின் ஓடும்போது இரைச்சல் கேட்டு, கிளச்சை மிதித்தவுடன் அது நின்றால், பெட்டியின் முன்பக்கப் பெயாரிங்கையோ துணைத்தண்டின் பெயாரிங்கையோ ஐயுறலாம். கிளச்சை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால், குற்றம் கிளச்சை விடுவிக்கும் பெயாரிங்கிலே. மற்றக் கியர்களிலே இரைந்து நான்காவது கியரிலே அடங்கினால், துணைத்தண்டின் பக்கம் பார்க்க வேண்டும். கியர் கழலுமாயின், தடியைத் தாங்கும் சிறு குண்டும் சுருள்வில்லும் தளர்ந்தனவா, பெட்டியைத் தாங்கும் இறப்பர் கட்டைகள் நைந்தனவா என்று முதலிலே பார்க்க வேண்டும். இவற்றிலே சில, பெட்டியை இறக்காமலே சீர்செய்யக் கூடியவை. அவை சரியாக இருந்தும் கியர் கழன்றால், உள்ளே தேய்வு உண்டென்று கொள்ளலாம்.

வடித்தெடுத்த எண்ணெயும் உண்மை பேசும். அதனை வெள்ளைத் தட்டிலே ஊற்றி வெயிலிலே பார்த்தார் பாஸ். பொன்னிறத் தூள் மின்னியது. அது வெண்கல உறுப்புக்கள் தேய்ந்த தூள். உருக்குச் சில்லுகள் கிடந்தால் பற்கள் உடைந்திருக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கும். எங்கள் தட்டிலே உருக்குச் சில்லு இல்லை. "பிழைக்கும், ஐயா" என்றார்.

லாண்ட் ரோவரின் கியர்ப்பெட்டியைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. தரைத்தகடுகளையும் ஆசனப் பெட்டியையும் அகற்றி, வண்டியின் உள்ளிருந்தே சங்கிலிக் கப்பியால் தூக்கி எடுத்தார்கள். மேசையைத் துடைத்து, கழற்றிய உறுப்புக்களை ஒழுங்காக அடுக்கினார்கள். இரண்டாவது கியர்ச் சக்கரம் சுழலும் வெண்கலப் புஷ் தேய்ந்து தளர்ந்திருந்தது. அதன் பக்கத்து வாஷரும் மெலிந்திருந்தது. அதனாலே சக்கரம் தண்டின்மேல் முன்னும் பின்னும் ஆடியது. சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு பற்களின் முனைகளும் மழுங்கியிருந்தன. இறக்கத்திலே விசை எதிர்ப்புறமாகத் திரும்பியபோது, ஆடிய சக்கரம் மழுங்கிய பற்களின்மீது வழுக்கிப் பிடியை விட்டது. ரங்கலைத் தெருவிலே எனக்கு நேர்ந்தது இதுவே.

இப்போது தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரம். பாஸ் மூன்று கேள்விகளை வைத்தார். ஒன்று: பெட்டியின் ஓடு நலமாக உள்ளதா? பெயாரிங் அமரும் துளைகள் அகன்றிருந்தாலும், ஓடு வெடித்திருந்தாலும் அதிலே பணம் போடுவது வீண். இரண்டு: பெரும் பற்கள் நலமாக உள்ளனவா? பற்சக்கரத்தின் மேற்றோல் தனியாக வன்மையூட்டப்பட்ட உருக்கு. அது பொரிந்து கழன்றால் அரத்தால் அராவியும் ஒட்டுவேலை செய்தும் மீட்க முடியாது. ஒட்டுவேலையின் சூடு அந்த வன்மையையே அழித்துவிடும். சோடியாக உழைத்த சக்கரங்களைச் சோடியாகவே மாற்றுவது நன்று. மூன்று: வேண்டிய உறுப்புக்கள் கிடைக்குமா? பெயாரிங்குகளிலே இலக்கம் பொறித்திருக்கும். அந்த இலக்கத்தைச் சொல்லிப் பெயாரிங் கடையிலே விசாரிக்கலாம். வெண்கலப் புஷ்ஷை நல்ல உலோகம் கொண்டு கடைசல் பொறியிலே கடைந்துகொள்ளலாம். ஆனால் பற்சக்கரத்தை ஊரிலே செய்துகொள்ள முடியாது.

மூன்று கேள்விகளுக்கும் எங்கள் பெட்டி நல்ல விடை தந்தது. மழுங்கிய பற்களுள்ள உறுப்பு ஒன்றே குறையாக இருந்தது. அதற்காகக் கண்டியிலே பழைய பெட்டியொன்றைத் தேடிப் பிடித்தோம். வெளியே புதிய வர்ணம் பூசி அழகாகத்தான் இருந்தது. திறந்தபோது முதற் கியரின் பற்களிலே இரண்டைக் காணவில்லை. அதனை அப்படியே என் வண்டியிலே பொருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு வேண்டிய உறுப்பு அதிலே நலமாக இருந்தமையால், அதனை எடுத்துக்கொண்டோம்.

பழைய பெட்டியை வாங்கி மாற்றுவோர் இன்னுமொன்றையும் கவனித்தல் வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியாயினும் ஆண்டுக்கு ஆண்டு உள்ளமைப்பு வேறுபடும். இரண்டாம் வரிசை லாண்ட் ரோவரிலே மூன்றாவது, நான்காவது கியர்களுக்கு மட்டுமே சிங்குரோமெஷ் என்னும் இசைவிப்பு உறுப்பு உண்டு. 1971இலே வந்த மூன்றாம் வரிசையிலேதான் முன்னோக்கிய நான்கு கியர்களுக்கும் அது கிடைத்தது. வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருக்கும்; உள்ளுறுப்புக்களோ ஒன்றுக்கொன்று பொருந்தாமற் போகலாம். பெட்டியிலே பொறித்த இலக்கத்தையும் அதன் ஈற்றெழுத்தையும் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, புதிய வண்டி வாங்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடையிலே 2022இன் பொருளாதார நெருக்கடி வேறு. பழைய வண்டியைத் திருத்தத் தெரிந்த கைகளின் அருமையை அந்த ஐந்து ஆண்டுகள் நமக்கு உணர்த்தின. இந்தியாவிலே டார்ஜிலிங்குக்கு அண்மையிலுள்ள மானேபஞ்சாங் என்னும் சிற்றூரிலிருந்து, 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்புவுக்கு ஏறும் பாதையிலே, 1950களிற் செய்த லாண்ட் ரோவர்கள் நெடுங்காலமாகப் பயணிகளை ஏற்றிச் சென்று வந்தன. அவையும் தேயிலைத் துரைமாரின் காலத்தில் அங்கு வந்தவையே. ஊர்த் தொழிலாளரின் கைவண்ணமே அவற்றை அத்தனை காலம் வாழவைத்தது.

ஆயினும், மாற்றுவதே தகும் இடங்களும் உண்டு. ஓடு கெட்டிருந்தால், துணைத்தண்டின் பற்கள் உதிர்ந்திருந்தால், திருத்தும் செலவு நல்ல பெட்டியின் விலையை எட்டினால், மாற்றுவதே அறிவு. அப்பொழுதும் வாங்கும் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒயில் சீலும் பக்கிங்கும் புதிதாகப் போட்ட பின்னரே பொருத்துதல் வேண்டும். உடைந்ததைத் தற்காலிகமாக ஒட்டி, "இறக்கத்திலே மட்டும் தடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பும் வேலையை ஒருபோதும் ஏற்கக்கூடாது. எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அந்த மாலையிலே நானே அப்படித்தான் ஓட்டினேன். செய்யத்தகாத செயல் அது. வண்டியை ஓரமாக நிறுத்தி, அக்காவையும் பிள்ளையையும் பஸ்ஸிலே அனுப்பியிருக்க வேண்டும்.

பத்து நாளிலே வேலை முடிந்தது. சக்கரத்தின் ஆட்டத்தை மெல்லிய தகட்டு அளவுகோலால் அளந்து, தக்க தடிப்புள்ள வாஷரைத் தேர்ந்து இட்டார் பாஸ். எண்ணெயைப் பற்றியும் எச்சரித்தார். கந்தகச் சேர்க்கை மிகுந்த சில எண்ணெய்கள் வெண்கல உறுப்புக்களை அரிக்கக்கூடும். ஆதலால் விலையுயர்ந்தது எதுவென்று பாராமல், அந்தப் பெட்டிக்கு உரியது எதுவென்று கைநூலிலே பார்த்து ஊற்ற வேண்டும் என்றார். ஓட்டும்போது கியர்த்தடியின்மேல் கையை வைத்து ஓய்வெடுக்கக்கூடாது. அந்தப் பாரம் உள்ளேயுள்ள கவைகளைத் தேய்க்கும். சிங்குரோமெஷ் இல்லாத கியருக்கு இறக்கும்போது, நடுநிலையிலே ஒருமுறை கிளச்சை விட்டு, எஞ்சினைச் சிறிது முடுக்கி, மறுபடியும் மிதித்துக் கியரை இட வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்னரே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும்.

கூலியைக் கொடுத்தபோது, பாஸ் அந்தப் பழைய ஒயில் சீலையும் என் கையிலே கொடுத்தார். "மாதத்துக்கு ஒருமுறை இரண்டு திருகையும் கழற்றிப் பாருங்கள், ஐயா. ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள்" என்றார்.

சென்ற கிழமை அக்காவும் பேரனும் மறுபடியும் ரங்கலையிலிருந்து என்னோடு இறங்கினார்கள். புறப்படுமுன் அக்கா, "எண்ணெய் பார்த்தாயா?" என்று கேட்டார். "இரண்டையும் பார்த்தேன்" என்றேன். அதன் பின்னரே பிள்ளையை வண்டியில் ஏற்றினார்.